இடப்பக்கம் இழுக்கும் வண்டி

ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, உள்ளங்கைகள் மேலே தெரியும்படி தொடைமேல் வைத்துக்கொள்வார். வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பக்கத்து இருக்கையில் நான் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்து, எதிரே தார்ச்சாலையில் சுண்ணாம்பால் போட்ட கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நூறு மீட்டருக்குள் வண்டி கோட்டைவிட்டு எவ்வளவு விலகுகிறது, எந்தப் பக்கம் விலகுகிறது என்று எழுதுவது என் வேலை. கையை விடுவது அவர் வேலை. புனேயில் அரசாங்க வண்டிகளைச் சோதித்து அனுப்பும் அலுவலகம் ஒன்றில் பதினோரு வருடம் நாங்கள் இருவரும் இப்படி ஒரே கோட்டின்மேல் போய்வந்தோம். அவர் சோதனை ஓட்டுநர், சாத்தாரா பக்கத்து மராட்டியர், என்னைவிட ஆறு வயது பெரியவர். நான் அவருடைய அதிகாரி. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் ஓட்டுவார். பெடலின் அதிர்வு பாதத்தில் தெரியவேண்டுமாம். பணி நேரத்தில் காலணி அணியவேண்டும் என்ற விதியைச் சுட்டிக்காட்டி அவருக்கு இரண்டு குறிப்பாணை கொடுத்திருக்கிறேன். இரண்டையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, வெறுங்காலோடு வண்டிக்குப் போனார்.

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்பதைப் போல மரியாதையில்லாத புகார் எங்கள் அலுவலகத்தில் வேறில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இழுக்கிறது என்றால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள், ஏனென்றால் நம் சாலைகள் மழைநீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பவை. இடப்பக்கம் ஓட்டும் ஊரில் நல்ல வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம்தான் ஒதுங்கும். அதனால் இந்தப் புகாருக்கென்று நான் ஒன்பது பக்கத்தில் ஒரு செய்முறை எழுதினேன். முதலில் டயர்கள் சூடேறுமுன் காற்றழுத்தம் பார்க்கவேண்டும். முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டவேண்டும். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். மாறாவிட்டால் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றி, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு மூட்டுகளின் ஆட்டம், சுருள்வில்லின் தொய்வு. எல்லாம் முடிந்த பின்தான் சக்கரங்களின் சாய்மானத்தை அளக்கும் அலைன்மென்ட் கருவியிடம் போகவேண்டும். நேராகக் கருவியிடம் போகிறவன் காய்ச்சலைப் பார்க்காமல் தெர்மாமீட்டரை உதறுகிறவன் என்று புதியவர்களுக்கு வகுப்பில் சொல்வேன். இந்த ஒன்பது பக்கத்தின் சாரத்தை ஒரு வரியில் அடக்கியிருந்தேன்: ஒவ்வொன்றாக மாற்று, எதை மாற்றியும் இழுப்பு மாறாவிட்டால், இன்னும் மாற்றப்படாமல் இருப்பது எது என்று பார். கடைசிப் படியாக, அதே வண்டியை வேறோர் ஓட்டுநர் ஓட்டவேண்டும் என்றும் எழுதியிருந்தேன். அந்தப் படி எதற்காக என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

என் ஓய்வுக்கு ஐந்தாறு வருடம் இருந்தபோது அவர் புகார் சொல்லத் தொடங்கினார். "காடி டாவிகடே ஓட்தே, சாஹேப்." வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்பதை மராட்டியில் இப்படிச் சொல்வார்கள். கோட்டைப் பார்த்தேன், விலகத்தான் செய்தது. பட்டறைக்கு அனுப்பி, கடைசிப் படி நீங்கலாக ஒன்பது பக்கத்தையும் செய்யவைத்தேன். ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரம் வேறொரு வண்டி, அதே புகார். அடுத்த மாதம் இன்னொன்று. நாலு மாதத்தில் ஆறு வண்டிகள், ஆறும் இடப்பக்கம். பட்டறைக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு, படிப்புத் தகுதி போதாது என்று தள்ளிப்போயிருந்தது. அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டவன் நான். எனவே இது எனக்குப் பதில் என்று முடிவு செய்தேன். படித்தவர்களுக்கு இந்த மாதிரி முடிவுகள் வெகு சீக்கிரம் கிடைத்துவிடும்.

ஆறாவது வண்டியில், என் செய்முறையின் கடைசிப் படியைக் கையிலெடுத்தேன். இன்னொரு ஓட்டுநரை அழைத்தேன். அவர் வயதில் இளையவர், இவரோடு ஒரே பேருந்தில் அலுவலகம் வருகிறவர். ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, "ஆமாம் சாஹேப், இடது பக்கம் இழுக்கிறது" என்றார். ஆனால் அவர் ஓட்டியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வண்டி சுண்ணாம்புக் கோட்டின்மேல் நூல் பிடித்ததுபோலப் போனது. அவர் பொய் சொல்கிறார் என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஏன் சொல்கிறார் என்பதும் தெரிந்துவிட்டதாக நினைத்தேன்: கூட்டுச்சதி. கோப்பில், "ஓட்டுநரின் கூற்று அளவீடுகளால் ஆதரிக்கப்படவில்லை" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் எனக்கு அன்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இளையவருக்கு எச்சரிக்கை. மூத்தவரைச் சோதனை ஓட்டத்திலிருந்து எடுத்து, வாயிலில் வண்டி எண்களைப் பதிவேட்டில் எழுதும் வேலைக்கு மாற்றினேன். உத்தரவை வாங்கிக்கொண்டபோது அவர் கோபப்படவில்லை. "உங்க அளவுகோலுக்கு ரோடு தெரியாது, சாஹேப்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் வாயிலில் உட்கார்ந்திருந்தார், காலணி அணிந்துகொண்டு.

ஒரு வருடம் கழித்துத்தான் அவருடைய நோயின் பெயர் தெரிந்தது. கை கால்கள் மெல்ல மெல்ல இறுகிப்போகும் நரம்பு நோய். ஒரு பக்கமாகத் தொடங்குமாம். அவருக்கு இடது கையில் தொடங்கியிருந்தது. மருத்துவ அறிக்கையின் நகல் என் மேசைக்கு வந்தது. கணக்கு எளிமையானது. கைகளை விடும்போது வலது கை உடனே வந்துவிடும். இறுகிய இடது கை ஒரு கணம் பின்தங்கும். அந்த ஒரு கணத்தில் அதன் எடை ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை இடப்பக்கம் திருப்பிவிடும். அதற்குப் பிறகு வண்டி, திருப்பிய பக்கம் போகும், எந்த நல்ல வண்டியும் செய்வதுபோல. நான் பதினோரு வருடமும் கோட்டைப் பார்த்தேன். பக்கத்தில், என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்த கைகளை ஒருநாளும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அவர் நடக்கும்போது இடது கையை வீசுவதில்லை என்பதைக் கவனித்து, 'என்ன, மகாராஜா வாளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாரா' என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டவன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியின் நகைச்சுவைக்குச் சிரிக்காமலிருக்க விதியில் இடமில்லை.

அவர் முன்கூட்டியே ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். பார்க்கப் போகவேண்டும் என்று நினைத்தேன். என்ன சொல்வது என்று தெரியாததால், அலுவலக வேலை அதிகம் என்று எனக்கே விளக்கம் கொடுத்து, அதை ஏற்றுக்கொண்டேன். நான் ஓய்வுபெற்ற வருடத்தில் அவர் இறந்துவிட்டதாக வாயில்காவலர் ஒருவர் சொன்னார். கோப்பில் நான் எழுதிய வாக்கியம் இன்னும் அங்கேயே இருக்கும். அதைத் திருத்தும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை.

இப்போது என் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது.

புனேயின் விஷ்ராந்த்வாடியில் நாலாவது மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி போய் நாலு வருடமாகிறது. மகள் வேறு நாட்டில் இருக்கிறாள், ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவாள். "அந்தப் பழைய வண்டிய குடுத்துடுங்கப்பா, போன்ல கூப்பிட்டா வாசலுக்கே கார் வருதே" என்பாள். இருபத்திரண்டு வயதான வெள்ளைக் கார். மறுபதிவுக்காக நான் எல்லாத் தாள்களையும் வரிசைப்படி அடுக்கிக் கொண்டுபோனபோது, அலுவலகத்திலிருந்தவர் ஒரு தாள்கூடக் குறையவில்லையே என்று வருத்தப்பட்டார். அது எனக்கு வெறும் வண்டியில்லை என்றெல்லாம் எழுதமாட்டேன். அது வண்டிதான். ஆனால் மாதத்தில் பாதி நாள் நான் பேசும் ஒரே வாக்கியம் பெட்ரோல் நிரப்புகிறவரிடம் சொல்லும் 'டாங்க் ஃபுல்' என்பதாக இருக்கிறது. வண்டி போனால் அதுவும் போகும்.

ஆகவே ஒன்பது பக்கத்தையும் எனக்கு நானே செய்துகொண்டேன். காற்றழுத்தம் சரி. டயர்களைப் பக்கம் மாற்றினேன், இழுப்பு மாறவில்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றவைத்தேன், பிரேக் எங்கும் உரசவில்லை. சுருள்வில்லின் உயரத்தில் இரண்டு பக்கத்துக்கும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். என் வயதில் என் தோள்களுக்கே அதைவிட அதிகம். சமமான சாலை வேண்டுமென்று ஞாயிறு காலைகளில் கராடிக்குப் போனேன். வாரநாட்களில் கம்ப்யூட்டர் அலுவலக வண்டிகளால் அடைந்து கிடக்கும் அகலச் சாலை, அன்று வெறிச்சென்று கிடக்கும். ஒரே சாலையில் ஆறு முறை போய்வந்த என்னைக் காவலாளி ஒருவர் நிறுத்தி, எந்தக் கம்பெனி என்று கேட்டார். ஓய்வுபெற்றவன் என்றேன். அப்படியானால் ஏன் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

இரண்டு அலைன்மென்ட் கடைகளில் அளந்தார்கள். இரண்டாவது கடைக்காரர் அச்சடித்த தாளை என் கையில் கொடுத்து, எல்லாம் பச்சைக் கட்டத்துக்குள் இருக்கிறது பாருங்கள் என்றார். வண்டி இழுக்கிறதே என்றேன். "காகிதத்துல இழுக்கல, அங்கிள்" என்றார் இந்தியில். அந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே எங்கோ எழுதியிருக்கிறேன் என்று தோன்றியது.

இதற்கு இரண்டு வாரம் கழித்து, நிறுத்துமிடத்தில் என் வண்டியின் பின்கதவில் யாரோ கீறிவிட்டார்கள். விதிப்படி எழுத்தில் விண்ணப்பித்து, காவலர் அறையில் கேமராப் பதிவைப் பார்க்கப் போனேன். திரையில் முந்தின நாள் மாலை. ஒருவர் லிஃப்டிலிருந்து வந்து வண்டிகளுக்கிடையே நடந்து போனார். வலது கை வீசுகிறது. இடது கை, வயிற்றோரமாக மடங்கி, எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல அசையாமல் இருக்கிறது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சோதனை ஓட்டுநர்தான். அவர் எப்படி இங்கே என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்தேன். பிறகு அந்த மனிதர் என் சாவியால் என் வண்டிக் கதவைத் திறந்தார். கீறல் விஷயத்தை அதோடு விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. மாற்றாமல் மிச்சமிருந்தது ஒன்றுதான். அதைச் சோதிக்க, என் வண்டியை வேறொருவர் ஓட்டவேண்டும். கேட்க யாரிருக்கிறார்கள் என்று யோசித்தபோதுதான் என் கணக்கில் ஓட்டை எங்கே என்று தெரிந்தது. இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் என்னைத் தெரியும், கடிதம் எழுதுகிறவராக. தண்ணீர்த் தொட்டி, தீயணைப்புக் கருவியின் காலாவதி, விருந்தினர் வண்டிகள் என்று எதையும் நான் விட்டதில்லை. தமிழ் பேசுகிறவர் என்று பார்த்தால் எதிர்வீட்டு டீச்சர். கண்டோன்மென்ட் பக்கத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். ஐம்பதைத் தாண்டியவர், பள்ளியில் கணக்கு எடுக்கிறார். போன மழைக்காலத்தில் அவருடைய ஸ்கூட்டர் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நாலு அங்குலம் நிற்பதாகக் குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதியிருந்தேன். படமும் இணைத்திருந்தேன்.

மணியடித்தேன். கதவைத் திறந்ததும், "அங்கிள், ஸ்கூட்டர் உள்ளதான் நிக்குது. காலைலயே போய்ப் பாத்தேன்" என்றார்.

"ஸ்கூட்டர் விஷயமா வரல, டீச்சர்."

"அப்ப தண்ணி டாங்க்கா?"

"அதுவும் இல்ல. நீங்க கார் ஓட்டுவீங்க இல்லையா? என் வண்டிய ஒருதடவை ஓட்டிப் பாத்துச் சொல்லணும். இழுக்குதா இல்லையான்னு."

"எனக்கு வண்டி பத்தி ஒண்ணும் தெரியாதே."

"தெரியாதவங்கதான் வேணும். லைசென்ஸ் நடப்புல இருக்கா?"

"நீங்க ஹெல்ப் கேக்க வந்தீங்களா, சலான் போட வந்தீங்களா? ஞாயித்துக்கெழம ஒன்பது மணிக்கு எனக்கு சர்ச். ஏழு மணிக்குன்னா சலேகா, சரிப்படும்."

ஞாயிறு ஏழு மணிக்கு, என் வண்டியின் இடது இருக்கையில் முதன்முறையாக உட்கார்ந்தேன். தோளுக்குப் பின்னாலிருந்து பெல்ட்டை இழுக்க இடது கையை அனுப்பினேன். அது போய்ச் சேர நேரமெடுத்துக்கொண்டது. டீச்சர் உதவிக்கு வரவில்லை. எதிரேயிருந்த கண்ணாடியில் என்னவோ ஒட்டியிருப்பதுபோல நேரே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். எந்தப் பக்கம் இழுக்கிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இரண்டாம் ஓட்டுநரிடம் பக்கத்தைச் சொல்லக்கூடாது.

கராடிச் சாலை வெறுமையாகக் கிடந்தது. "முப்பதுல வெச்சுக்கோங்க. இப்ப ரெண்டு கையையும் விடுங்க."

"விட்டா எங்கயாவது முட்டிக்கும் அங்கிள்."

"முட்ட ஒண்ணுமில்ல. விடுங்க."

சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோல இரண்டு கைகளையும் ஒரே சமயத்தில் எடுத்தார். நான் இந்த முறை சாலையைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தேன். அது அசையவில்லை. எதிர்த்திசையில் ஒருமுறை, மறுபடி இந்தத் திசையில் ஒருமுறை. மூன்று முறையும் வண்டி வெள்ளைக் கோட்டுக்கு இணையாக, மாணவன் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல ஓடியது. இத்தனை நல்ல அலைன்மென்ட் என் பணிக்காலத்தில் பத்து வண்டிகளில்கூடப் பார்த்ததில்லை.

"இது இழுக்கலன்னா என்ன அர்த்தம், அங்கிள்?"

"வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம்."

நான் கேட்காமலே நாலாவது முறை ஓட்டினார், கையை விட்டார், உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "ஆங், இழுக்குது. இப்பத்தான் தெரியுது, லேசா."

"எந்தப் பக்கம்?"

என் முகத்தைப் பார்த்தார். அங்கே விடை எதுவும் எழுதியிருக்கவில்லை. "ரைட் சைடு" என்றார்.

அந்த இளைய ஓட்டுநர் எச்சரிக்கைக் கடிதத்தை வாங்கிக்கொண்டு என் அறையில் நின்றது நினைவுக்கு வந்தது. சரியான பக்கத்தை அவர் தெரிந்துவைத்திருந்தார் என்பதைத் தவிர, இவருக்கும் அவருக்கும் வித்தியாசமில்லை. தினமும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்தவர். கை பின்தங்குவதை அவர் பார்த்திருப்பார், டிக்கெட்டை மடிக்கும்போதோ, கம்பியைப் பிடிக்கும்போதோ. பார்த்தவர் ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இத்தனை வருடமும் புரியாமலிருந்தது.

"டீச்சர், வண்டி எந்தப் பக்கமும் இழுக்கல. எனக்கு இடது பக்கம் இழுக்குது."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "தெரியும் அங்கிள்" என்றார். "நாலு மாசமா லிஃப்ட்ல பாக்கறேன். பையக் கை மாத்தவே உங்களுக்கு ரெண்டு மாடி ஆகுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? சொன்னா லெட்டர் எழுதுவீங்க."

சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். சாலையில் தெருநாய் ஒன்று நிதானமாகக் குறுக்கே போய், நடுவில் உட்கார்ந்துகொண்டது. நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கி மூன்று முறை தள்ளிப்போட்டிருப்பதைச் சொன்னேன். மூன்று முறையும் நானே ஓட்டிக்கொண்டு போவதாக இருந்ததையும் சொன்னேன். அந்த மனிதரை நான் வாயிலுக்கு அனுப்பியதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டியவரிடம் சொல்லும் காலம் போய்விட்டது.

"எப்ப அப்பாயின்ட்மென்ட்?"

"புதன்கிழமை. நாலு மணி."

"எனக்கு மூணுக்கு ஸ்கூல் முடியும். மூணரைக்கு கீழ நில்லுங்க, லேட் பண்ணக்கூடாது. என் ஸ்கூட்டர்ல போலாமா?"

"இதுலயே போலாம், டீச்சர்" என்றேன். "இது நேராப் போகுது."